கோவைக்கொடி ஏறாத இடம்

எந்தச் செடியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அக்கா ஒரே கேள்விதான் கேட்பாள்.

"நான் ஒரு வாரம் வரலன்னா செத்துருமா?"

சாகும் என்றால் பேச்சு அத்துடன் முடிந்தது. தினமும் தண்ணீர் கேட்பது, நிழல் கேட்பது, பந்தல் கேட்பது, கொம்பு நட்டுக் கட்டிவிடச் சொல்வது எல்லாமே அவளுக்குச் சீக்காளிகள்தான். "ஆஸ்பத்திரியில பாக்குற சீக்காளிங்க போதாதா? வீட்டுலயும் வளக்கணுமா?" என்பாள்.

செடி என்று மட்டும் இல்லை. கிளறிக்கொண்டே இருக்க வேண்டிய எதையும் அவள் சமைத்து நான் பார்த்ததில்லை. மரவள்ளிக்கிழங்கைச் சட்டியில் போட்டுத் தணலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். நாள் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அடுத்தவர் துணிக்கு இஸ்திரி போடுகிறவள், தன் கைலியை உதறிக் கயிற்றில் போடுவதோடு சரி. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். மறுபடி ஒரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி எதிர்வீட்டுக்காரி வற்புறுத்தியபோது, "அதுக்கும் தெனம் தண்ணி ஊத்தணும்லா" என்று சொல்லி எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

சிராங்கூன் சாலையிலிருந்து தேக்கா பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கீழே பின்னறையில் அக்கா. சொந்தம் இல்லை, நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்காரன் சரணடைவதற்கு முந்தைய நாட்களில் விழுந்த குண்டுகளில் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டில் விழுந்தது. எங்கள் வீடு நின்றது. பக்கத்து வீடு இல்லை.

அங்கே குடியிருந்தவர் ஒரு தையல்காரர். தேக்கா சந்தைக்கு எதிரே, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் மிஷின் போட்டுத் தைப்பார். குண்டு விழுந்த வேளையில் அவர் அங்கே இருந்தார். அவர் மனைவி வீட்டில் இருந்தார்.

அக்கா அந்த அம்மாவை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இரண்டு பேரும் பின்வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அண்ணி பேசும்போதும் கை நிற்காது, சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே இருப்பார். அண்ணியை வெளியே எடுத்த அன்று அக்கா அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஒரு வெள்ளைப் போர்வையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டுப் போர்த்தினாள். ஓரங்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தாள். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் அவள் கையைப் பிடித்து விலக்கினார்.

அதன்பிறகு எங்களுக்குச் சுவர்த் தொல்லை ஆரம்பித்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த சுவர் இப்போது வெட்டவெளியைப் பார்த்து நின்றது. மேற்குப் பார்த்த சுவர். உச்சி சாய்ந்ததிலிருந்து பொழுது அடையும்வரை வெயில் முழுவதும் அதன் மேல்தான். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் நாங்கள் படுக்கும் அறை. கையை வைத்தால் ரொட்டி அடுப்பைத் தொட்டதுபோல் இருக்கும்.

"கொடி ஏத்திவிட்டா சூடு தணியும்" என்று அக்காவே சொன்னாள். "திங்கவும் ஆகும்."

ஊரெல்லாம் காய்கறி போட்டுக்கொண்டிருந்த காலம். பங்கீட்டு அரிசி வரவரக் குறைந்துகொண்டிருந்தது. கால்பந்துத் திடலில் எல்லாம் மரவள்ளி நட்டிருந்தார்கள். அக்கா செங்கல் குவியலைச் சுவரடியிலிருந்து ஒதுக்கிவிட்டு மண்ணைக் கொத்திப் போட்டாள். என்ன கொடி வைப்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

முக்குக் கடை நானா வெற்றிலைக் கொடி தருவதாகச் சொன்னார். "இந்த வெயில்லயா? மாப்பிள்ளை மாதிரி பாத்துக்கணும் அத" என்று மறுத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி புடலை என்றாள். "காய் கோணாம இருக்கக் கல்லு கட்டித் தொங்கவிடணும். எனக்கென்ன வேற வேல இல்லியா?" பாகலை மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தாள். "வெயிலுக்குப் பயப்படாது. ஆனா ஒரு காய்ப்போட செத்துரும். மறுபடி வெத போடணும்." அதுவும் தள்ளுபடி.

சந்துக் கோடியில் இருந்த சீனத் தச்சர், பெரிய பங்களாக்களின் சுவரில் கயிறும் கம்பியும் இல்லாமல் தானே ஒட்டிக்கொண்டு ஏறும் ஒரு கொடியைச் சொன்னார். நட்டால் போதும், சாகவே சாகாது என்றார். அக்காவுக்கென்றே பிறந்த கொடி என்று நான் நினைத்தேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்றாள்.

"வேர் சுண்ணாம்புக்குள்ள போவுது. பிச்சா சுண்ணாம்போட வரும். அது ஆகாது."

சுண்ணாம்பு போனால் என்ன, அது நம் வீட்டு உள்பக்கம்கூட இல்லையே என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் கோவையும் பசலையும் சிறகவரையும் நின்றன. சிறகவரையை மலாய்க்காரர்கள் காச்சாங் போத்தோல் என்பார்கள். நான்கு ஓரமும் சிறகு வைத்த காய். கோவைத் தண்டைக் கிள்ளி ஊன்றினால் போதும், வேர் இறங்கிவிட்டால் பிறகு யாரையும் எதிர்பார்க்காது. பசலையும் அப்படித்தான். "நட்டுட்டு நாம மறந்துடணும். அது நம்மள மறக்காம இருந்தாச் சரி" என்றாள் அக்கா.

நான் ஒரு பூக்கொடியும் வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

"பூவா? இப்ப யாருடி கொண்டையில வெக்கிறா?" என்று என் வாயை அடைத்தாள். ஒரு மாதம் கழித்துச் சுவர் ஓரத்தில் ஒரு சங்குப்பூக் கொடி எட்டிப் பார்த்தது. நீங்களா நட்டீங்க என்று கேட்டதற்கு, "காக்கா போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இடிந்த வீட்டின் மாடி உத்தரங்கள் ஒடிந்து, முளைகள் மட்டும் சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. சலவைக்கூடத்தில் தூக்கிப் போட்ட பழைய துணிக்கம்பிகளை அந்த முளைகளுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினாள். கொடிகள் அதைப் பிடித்துக்கொண்டன. கோவைதான் முன்னால் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிற மாதிரி இருக்கும்.

தையல்காரர் தினமும் சாயங்காலம் கடை கட்டியதும் வருவார். தேக்கா பக்கம் ஆண்கள் கூட்டமாகத் தங்கும் ஒரு வீட்டில் படுத்துக்கொண்டிருந்தார். இங்கே வந்து செங்கற்களுக்கு நடுவே நின்று சுவரையே பார்ப்பார். யாரிடமும் பேசமாட்டார். இருட்டுவதற்குள் போய்விடுவார். அக்கா ஒரு கிண்ணத்தில் பசலைக்கீரைத் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். கிண்ணம் காலியாக இருக்கும்.

கோவை கீழ்த்தளத்தைத் தாண்டி மாடி மட்டத்தைத் தொட்ட அன்றுதான் அவர் வாயைத் திறந்தார். நானும் அக்காவும் அங்கேயே இருந்தோம்.

"தங்கச்சி, அந்த எடத்த மட்டும் விட்டுரும்மா."

மேலே கையைக் காட்டினார். மாடியில் அவர்கள் படுக்கையறை இருந்த இடம். சுவரில் நீலம் கலந்த சுண்ணாம்பு இன்னும் இருந்தது. அந்த நீலத்தில், தரை இருந்திருக்கும் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த கறை.

"அவ அங்கதான் சாஞ்சு உக்காந்து காஜா எடுப்பா. தலை எண்ணெ." தன் பின்தலையைத் தொட்டுக் காட்டி, "சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் சண்ட போடுவேன், சுவத்த நாசம் பண்றியேன்னு" என்றார்.

அக்கா மேலே பார்க்கவே இல்லை. அவளுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சீனத் தச்சரின் கொடியை எதற்காக வேண்டாம் என்றாள் என்பதும்.

"சரிண்ணே" என்றாள்.

தானாக வளரும் கொடியைத் தேடித் தேடி நட்டவளுக்கு அன்றிலிருந்து ஓயாத வேலை. மூங்கில் ஏணி ஒன்றை நானாவின் கடையிலிருந்து வாங்கி வந்தாள். வேலை இல்லாத காலைகளில் கத்தியோடு ஏறிவிடுவாள். அந்த நீலத்தைச் சுற்றி, ஒரு கதவு அளவுக்கு, நீட்டும் நுனிகளையெல்லாம் நறுக்குவாள். கோவைக்கு அவள் சொன்ன 'சரி' தெரியாது. நான்கு நாள் விட்டால் ஒரு முழம் உள்ளே வந்திருக்கும். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தலையில் இலையும் எறும்பும் கொட்டும்.

"நீங்க எதுக்கும் மெனக்கெட மாட்டீங்களே அக்கா, இதுக்கு மட்டும் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொழுந்து வேணும்ல? கறிக்கு ஆவும்னு ஏறுறேன்" என்றாள். வெட்டிய கொழுந்தைச் சமைக்கத்தான் செய்தோம். கீழேயே கைக்கு எட்டும் உயரத்தில் அதைவிட நல்ல கொழுந்து நிறைய இருந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுக வேலைச் சீட்டு இருந்ததால் தப்பினார். தையல்காரர் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரு நாள் விடியும்போது லாரி வந்து நின்றதாம். வேலைச் சீட்டு இல்லாத ஆண்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நானா வந்துதான் சொன்னார்.

அன்று சாயங்காலமும் அக்கா கீரைத் தண்ணீரை வழக்கமான இடத்தில் வைத்தாள். காலையில் அது அப்படியே இருந்தது. எடுத்துக் கொட்டிவிட்டு, ஏணியை எடுத்து வரச் சொன்னாள்.

மழைக்காலம் வந்தபோது அவளுக்குப் புதுக் கவலை. கூரை இல்லாத சுவரில் சாரல் நேராக அடித்தது. நீலம் வடிந்து கீழே இலைகளின் மேல் பால்போல் ஓடியது. அக்கா எங்கிருந்தோ ஒரு தகரத் துண்டைக் கொண்டுவந்து, கறைக்கு மேலே இருந்த கம்பியில் சின்னத் தாழ்வாரம் மாதிரி கட்டினாள். சந்தே கூடிச் சிரித்தது. "சுவத்துக்குக் குடை பிடிக்கிறா பாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போரின் கடைசிக் காலத்தில் அமெரிக்க விமானங்கள் வரத் தொடங்கின. ஜப்பான்காரர்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். பச்சைச் சுவருக்கு நடுவே வெறுமையாக ஒரு கட்டம், அதன் தலையில் வெயிலில் பளபளக்கும் தகரம். யார் சொன்னார்களோ, அல்லது அவர்களே பார்த்தார்களோ, ஒரு பகலில் இரண்டு சிப்பாய்களும் மலாய் பேசும் ஒருவனும் வந்தார்கள். விமானத்துக்கு அடையாளம் காட்டுகிறாயா என்று கேட்டார்கள். அக்கா ஏணியில் இருந்தாள். "சாயூர், துவான், சாயூர்" என்று, காய்கறிதான் ஐயா என மலாயில் சொல்லிக் காய்களைக் காட்டினாள். இறங்கச் சொன்னார்கள். இறங்கும்போது என்னைப் பார்த்து, "அடுப்புல கெழங்கு இருக்கு. ஒண்ணும் பண்ண வேணாம், தானா வேகும்" என்றாள். அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் அந்தச் செங்கற்கள் மேலேயே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து எழுப்பும்வரை எழவில்லை. கிழங்கு கரிந்து போயிருந்தது.

மறுநாள் மதியம் அவளே நடந்து வந்தாள். உதடு கிழிந்திருந்தது. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். அவள் முதலில் தண்ணீர் கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்தாள். தகரத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது.

"என்னக்கா கேட்டாங்க?"

"அந்த எடத்துல ஏன் கொடி இல்லன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நான் சோம்பேறி, அவ்ளோ ஒசரம் ஏத்திவிடலன்னு சொன்னேன்." கிழிந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தாள். "அதைத்தான் நம்புனான்."

என் வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இதோட விட்டுருங்கக்கா. உசுரு பெருசா, சுவரு பெருசா? அந்த மனுஷன் இருக்காரா இல்லையான்னே தெரியாது" என்று கத்தினார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இருந்தார்னா?" என்றாள். "வந்து நின்னு மேல பாத்தார்னா, நீங்களா தம்பி பதில் சொல்லுவீங்க?"

என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது தோளில் ஒரு கட்டு அத்தாப்பு ஓலை இருந்தது. யாரோ கூரை மாற்றிவிட்டுப் போட்டதாம். "இது மின்னாது" என்று மட்டும் சொன்னார். அவரே ஏறிக் கட்டினார்.

ஓலை மழையில் மக்கியது. மாற்றினோம். மறுபடி மக்கியது. நான் ஏறுகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "நீ கீழ புடி. அது போதும்" என்பாள். வலது கை உதவாததால் இடது கையால் வெட்டப் பழகிக்கொண்டாள். மற்றக் கையால் கம்பியைப் பிடிக்கவும் முடியாது. அவள் மேலே இருக்கும் நேரமெல்லாம் நான் ஏணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் மேலே அவள் அசையாமல் நின்றாள். என்னக்கா என்றேன்.

"போயிருச்சு புள்ள" என்றாள்.

"எது?"

"கறை. நேத்து மழைல போயிருச்சு."

கீழே வந்து ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அண்ணியைப் போர்த்திய அன்று அழாதவள் அன்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன். சரி, இத்தோடு விட்டுவிடுவாள், கோவை மூடிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள்.

ஜப்பான்காரன் சரணடைந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமிலிருந்து ஆட்கள் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்கினார்கள். ரயிலடிக்குப் போய் விசாரிக்கிறவர்கள் விசாரித்தார்கள். அக்கா போகவில்லை. போய்க் கேட்டால் இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாளோ என்னவோ.

ஒரு காலையில் அவள் மேலே வெட்டிக்கொண்டிருந்தாள், நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் செங்கல் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். எலும்பாய் ஒருவர் கம்பு ஊன்றி நின்றார். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தங்கச்சி" என்றார். குரல்தான் அவருடையது.

அக்கா மேலிருந்து குனிந்து பார்த்தாள். சந்தைக்குப் போனவர் திரும்பி வந்ததுபோல, "வந்துட்டீங்களாண்ணே" என்றாள். ஆனால் அவர் ஏதும் கேட்பதற்கு முன்பே படபடவென்று சொல்லத் தொடங்கினாள். "மழை அடிச்சிருச்சுண்ணே. தகரம் கட்டுனேன், ஓலை கட்டுனேன், நிக்கல. கொடிய மட்டும் உள்ள வர விடல. கறை போயிருச்சு."

அவர் நெற்றிக்கு மேல் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க போச்சு?" என்றார். "அங்கதானே இருக்கு." கம்பைத் தூக்கிக் காட்டினார்.

நானும் பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்த செங்கல்தான் தெரிந்தது. ஒரு மூலையில் நீலம் என்று சொன்னால் நீலம்.

அக்கா முகத்தைத் திருப்பி, தன் முகத்துக்கு நேரே இருந்த அந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள். "இருக்கு."

"இதுக்குள்ள கோவை மூடியிருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டுதாம்மா வந்தேன்."

"மூடித்தான் இருக்கும். கறிக்குக் கொழுந்து வேணும்னு அப்பப்ப ஏறுவேன். அதான்."

அவர் கம்பைச் செங்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்து, என் கைகளுக்குப் பக்கத்தில் ஏணியை இறுகப் பிடித்தார்.

"புடிச்சிருக்கேன்" என்றார். "நீ வெட்டும்மா."

நான் கையை எடுத்துக்கொண்டு, இன்னொருவருக்கும் சேர்த்து உலை வைக்க உள்ளே போனேன்.